வளைவுக்கு அந்தப் பக்கம் ரெங்கம்மா

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பலகையின் பிடியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியது.

வட்டப் பலகை. ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை. கீழே ஆள் உயரத்துக்கு இரும்புக் குழாய். வீதி வேலை நடக்கும் இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு வாகனங்களை நிறுத்துவதும் விடுவதும் அம்மாவின் வேலை. மழையில் குழாய் வழுக்குகிறது, குளிர் முழங்கை வரை ஏறுகிறது என்று சொல்லி, அந்தச் சனிக்கிழமை பலகையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். வீட்டுச் சொந்தக்காரர் ஸலீம் நானா முன்பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். இனி ஒட்டுப்போட முடியாத டியூப் ஒன்றைத் தேடித் தந்தார். நான் அதை நீளவாட்டில் கீறி நாடாவாக்கினேன். அம்மா குழாயைப் பிடித்துக்கொள்ள, இழுத்துச் சுற்றினேன்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு."

"இதுக்கு மேல இழுத்தா பிஞ்சிரும்மா."

"டவருல ஏறி கம்பி இழுக்கிறவன். இதுக்குப் போயி மூச்சு வாங்குற."

முடிந்ததும் பலகையைத் தரையில் ஊன்றி, சிவப்பை என் பக்கம் திருப்பினார். நான் அசையாமல் நின்றேன். பச்சையைத் திருப்பினார். "இப்ப போயித் தேத்தண்ணி ஊத்து" என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் பின்னேரம் நான் பிபிலைக்குப் பஸ் ஏறினேன்.

நான் தொலைபேசிக் கோபுரங்களில் வேலை செய்யும் டெக்னீஷியன். கிழமை நாட்களில் பிபிலை, மொனராகலை என்று எங்கே பழுதோ அங்கே. சனிக்கிழமைகளில் பதுளைக்கு வருவேன். வீடு என்றால் ஸலீம் நானாவின் கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு குசினி.

அம்மாவின் பெயர் மரியகொரட்டி. கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தை விட்ட வருடமே கொழுந்துக் கூடையை மாட்டினார். அப்பா தேவதாசன் அதே தோட்டத்தில் லொறி ஓட்டினார். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர வேண்டியிருந்ததால் பதுளையில் இந்த அறையை எடுத்தோம். அப்பா போன பிறகு லயத்துக்குத் திரும்ப முடியவில்லை. எங்கள் பழைய காம்பராவில் வேறு குடும்பம் வந்துவிட்டது.

கொழுந்து பறித்த காலத்தில் அம்மா தனியாக இருந்ததே இல்லை. நிரையில் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. கை தன் பாட்டில் பறிக்கும், பேச்சு செடிகளுக்கு மேலால் போகும். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பதுளை அறையில் பேச ஆள் இல்லை. நான் இல்லாத நாட்களில் அம்மா ரேடியோவைப் போட்டு, அதில் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்வாராம். ஸலீம் நானாவின் மனைவி ஸிஹாமா அக்கா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருடம் பதுளையில் ஆற்றோரமாகச் சைக்கிள் பாதை போடத் தொடங்கினார்கள். பக்கத்திலேயே நடக்கிறவர்களுக்கும் பாதை. பட்டினத்திலிருந்து பசறைப் பக்கமாகப் போகும் அந்தப் பாதை பெரும்பாலும் வெற்று நிலத்தில் போனது. ஓரிடத்தில் மட்டும் இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஆறு, நடுவில் வீதி, அதுவும் வளைவு. அங்கே வீதியின் பாதியை அடைத்து ஆற்றுப் பக்கம் சுவர் கட்டினார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். இரண்டு முனையிலும் பலகை பிடிக்க ஆள் தேவைப்பட்டது.

அம்மா என்னிடம் கேட்கவில்லை. சேர்ந்த பிறகுதான் சொன்னார்.

"வெயில்லயும் புழுதியிலயும் எதுக்கும்மா?"

"வீட்டுக்குள்ள கெடந்து யாரோட பேசுறது? அங்க நின்னா ஊரே நம்மள தாண்டித்தான் போகணும்."

பட்டின முனையில் அம்மா. பசறை முனையில் ரெங்கம்மா என்று ஒருவர், லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறவர். முதல் நாள் தொப்பியும் மஞ்சள் ஜெக்கட்டும் கொடுத்தபோது இருவரும் ஒரே கூட்டத்தில்தான் நின்றிருக்க வேண்டும். அப்போது யார் எவர் என்று தெரியாது. அதன் பிறகு அம்மாவை இந்தப் பக்கத்தால் கொண்டுவந்து விட்டார்கள். ரெங்கம்மா அந்தப் பக்கத்தால் பஸ்ஸில் வந்து, அந்தப் பக்கத்தாலேயே போனார். பலகையை விட்டு நகரக் கூடாது. சாப்பாடும் நின்ற இடத்தில்தான். இடையில் வளைவு. பாறை மறைத்தது.

தொடக்கத்தில் ஆளுக்கொரு வோக்கி டோக்கி கொடுத்தார்கள். மற்ற இடங்களில் வேலை செய்கிறவர்களிடமும் அதே அலைவரிசை. மத்தியானம் ரெங்கம்மா, "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்க, சிமெந்து குழைக்கிறவர்களிலிருந்து சுப்பவைசர் வரை எல்லோரும், "சாப்பிட்டோங்க, சாப்பிட்டோங்க!" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அதோடு இருவரும் அதில் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சில நாட்களில் சுப்பவைசர் அவற்றை வேறு பகுதிக்கு எடுத்துப் போனார். ஒரு கம்பைப் பயன்படுத்தச் சொன்னார். போகும் வரிசையில் கடைசி வாகனத்திடம் கம்பைக் கொடுப்பது. அது மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தால் பாதை காலி என்று அர்த்தம். கம்பு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் திறக்கலாம்.

அந்தக் கம்பாக அம்மா தன் மட்டக்குச்சியையே கொண்டுபோனார். பறிக்கும் மட்டம் சரியாக வர, செடியின் மேல் வைத்துப் பார்க்கும் குச்சி அது. பெட்டிக்கு அடியில் கிடந்தது. பிடித்துப் பிடித்து வழவழப்பாகியிருந்தது.

என் வேலையிலும் இப்படி ஒரு முறை உண்டு, ஒரே தடம், ஒரு நேரத்தில் ஒரு திசை என்று அம்மாவுக்கு விளக்கினேன். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை சொல்லும் பெரட்டு அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. "பெரட்டு மாதிரின்னு சொல்லு. ஆனா பெரட்டுல அங்கிட்டிருந்து மட்டுந்தான் வரும். இங்கிட்டிருந்து ஒண்ணும் போகாது."

கம்போடு வேறு விஷயங்களும் போகத் தொடங்கின. முதலில் வெற்றிலை. பிறகு செய்தி. லுணுகலை பஸ் கொண்டக்டர் விஜேந்திரன் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே சொல்வான்.

"கொரட்டிக்கா, அங்கிட்டு ரெங்கம்மாக்கா கேக்குது, நேத்து ஏன் கம்பு லேட்டாம்?"

"கல்யாண ஊர்வலம் ஒண்ணு வந்துச்சு, பொண்ணுப் புள்ளய நல்லாப் பாத்துட்டுத்தான் விட்டேன்னு சொல்லு."

இப்படித்தான் ரெங்கம்மாவின் முட்டி வலி, மருமகளோடு சண்டை, கன்று போட்ட மாடு எல்லாம் வளைவைத் தாண்டி வந்தன. சனிக்கிழமைகளில் அம்மா எனக்கு அந்த வாரத்து ரெங்கம்மாவைச் சொல்வார். நான் பஸ்ஸில் அந்த வளைவைத் தாண்டுவது வேலை நேரம் முடிந்த பிறகுதான், அதனால் ரெங்கம்மாவை நானும் பார்த்ததில்லை. போனில் பேசலாமே என்றேன். ரெங்கம்மா வீட்டில் ஒரே போன், அது மருமகள் கையில், மருமகளைப் பற்றி எப்படி அதில் பேசுவது என்று அம்மா கேட்டார்.

ஆட்டோக்காரர்கள் சிவப்பில் நிற்கும்போதெல்லாம் பாதையைத் திட்டினார்கள்.

"இந்த மலையில எவன் அக்கா சைக்கிள் ஓட்டப்போறான்? தள்ளிக்கிட்டுப் போறதுக்கு ஒரு ரோட்டா?"

"நீ ஓட்டு. தொந்தியாச்சும் கொறையும்."

ஒரு நாள் விஜேந்திரன் லீவு. புதுக் கொண்டக்டர். கடைசி வாகனம் அந்த பஸ்தான். அம்மா கம்பை நீட்டி, "ரெங்கம்மாட்ட குடுத்துருங்க தம்பி" என்றார். எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் பொருள் கொடுத்துவிடுவது சாதாரணம். மருந்து, செருப்பு, கோழிக்குஞ்சு எதுவும் போகும். ஒரு பெயர் சொன்னால் போதும். பசறை பஜாரில் முருகையாவின் மரக்கறிக் கடையில் இறக்கி வைப்பார்கள், தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் கேட்டு எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பையனுக்கு அந்தப் பழக்கம்தான் தெரியும். மறுமுனையில் ரெங்கம்மா கையை நீட்ட, அவன் சந்தோஷமாகக் கையசைத்துவிட்டுப் போய்விட்டான்.

கம்பு இரண்டு பேரிடமும் இல்லை. இரண்டு பக்கமும் சிவப்பு. வாகனங்கள் பட்டினம் வரை நின்றன.

"ஒருத்தரும் வரலன்னு தெரியுதுதானே அக்கா, விடுங்க!"

"கம்பு வரட்டும்."

"கம்பு என்னா கவர்னரா?"

"இன்னைக்கு அதுதான் கவர்னரு. ஹோர்ன் அடிக்காத."

சுப்பவைசர் ஓடிவந்து திறக்கும் வரை இருவருமே பலகையைத் திருப்பவில்லை. மறுநாள் காலையில் ரெங்கம்மா பசறையில் பஸ் மாறும்போது, முருகையா கோவா மூட்டையின் மேல் அந்தக் கம்பை வைத்துக்கொண்டு, "லுணுகலைக்குக் கம்பு யாருக்கு? எந்த ரெங்கம்மா?" என்று கூவிக்கொண்டிருந்தாராம். அம்மா இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்பா போன பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான். அதன் பிறகு கம்பில் சிவப்புத் துணி கட்டினார்கள்.

தீபாவளி முடிந்த மறுநாள், கம்போடு ஒரு சில்வர் தூக்குச்சட்டி வந்தது. முறுக்கும் அதிரசமும். அந்தச் சனிக்கிழமை எனக்கு இரண்டு அதிரசம் எடுத்து வைத்திருந்தார். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் குசினிச் சுவர்த் தட்டில் கவிழ்த்தார்.

"விஜேந்திரன்ட குடுத்துவிட்டா அடுத்த ட்ரிப்ல போயிரும்மா" என்றேன்.

"வெறும் சட்டியவா? கிறிஸ்மஸுக்குக் கேக் போட்டு நெறைச்சுத்தான் குடுக்கணும். நானே போயிக் குடுக்கணும்."

"பஸ்ஸுல போனா என்ன?"

"பஸ்ஸுல குடுத்துவிட்டா மூஞ்சிய எப்பப் பாக்குறது?"

டியூப் சுற்றிய பலகையை அம்மா மூன்று நாள்தான் பிடித்தார். புதன்கிழமை மத்தியானம் பெருமழை. சுவர் வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. அடைப்பை எடுத்துவிடலாம் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்களாம். மழைக்குள்ளேயே பலகைகளையும் பீப்பாய்களையும் லொறியில் ஏற்றினார்கள். அம்மாவையும் ஏற்றினார்கள். கம்பு அப்போது ரெங்கம்மாவின் பக்கம் இருந்தது.

அன்று மாலை போனில் அம்மா பேசினார். குரலில் கோபம்.

"போயிட்டு வாரேன்னு கூடச் சொல்ல விடலடா. நல்ல வேள, பின்னாலயே விஜேந்திரன் பஸ்ஸு வந்துச்சு. பாதை தொறக்குற அன்னைக்குப் பாப்பம்னு ரெங்கம்மா சொல்லிவிட்டிச்சாம். கம்பைக் கொண்டு வருமாம். நானும் சட்டியக் கொண்டு வாரேன்னு சொல்லிவிட்டேன்."

"ஆள எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கம்பு இருக்கே."

"சரி. சனிக்கிழமை வாரேன்."

"வரக்குள்ள பிபிலையில தோடம்பழம் வாங்கிட்டு வா. கேக்குக்குத் தோல் சீவிப் போடலாம்."

வெள்ளிக்கிழமை விடியக்காலை அம்மாவுக்கு நெஞ்சு வலி. ஸலீம் நானாவும் ஸிஹாமா அக்காவும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு அழைப்பு வந்தபோது நான் கோபுரத்தின் பாதி உயரத்தில் இருந்தேன். பாதுகாப்புக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டித்தான் இறங்க வேண்டும். அப்படியே இறங்கினேன். தோடம்பழம் வாங்கவில்லை.

அடக்கத்துக்குக் கொஸ்லந்தையிலிருந்து ஒரு வேன் வந்தது. அம்மாவோடு கொழுந்து பறித்தவர்கள். அன்றே திரும்பிப் போனார்கள். அதன் பிறகு அறையில் நான் மட்டும்.

சில நாள் கழித்து அந்தச் சுவர்த் தட்டைத் துடைக்கும்போதுதான் சட்டியைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு கடைப் பை. ரவை, சீனி, கஜு, செரி. வியாழக்கிழமை வாங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் ரெங்கம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை என்பது உறைத்தது. அந்த வாரம் விஜேந்திரனைத் தேடிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவன் கண்டி பஸ்ஸுக்கு மாறிவிட்டான் என்றார்கள். பாதை திறக்கும் நாள், கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு என்று அறிவித்திருந்தார்கள். அன்று ரெங்கம்மா வருவார். அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சட்டிதான் சிக்கலானது. கேதம் நடந்த வீட்டில் அந்த வருடம் பலகாரம் செய்வதில்லை. வெளியே கொடுத்தனுப்புவதும் இல்லை. சட்டியை வெறுமனே கொடுக்கவும் முடியாது. ஸிஹாமா அக்காவிடம் கேட்டேன்.

"நான் என் வீட்டுல கேக் போட்டுத் தாரேன் தம்பி. அது எங்க வீட்டுப் பலகாரந்தானே."

"அம்மா போட்ட கேக்குன்னு அவங்க நெனைப்பாங்க."



கடைசியில் பையைப் பிரித்து, அம்மா வாங்கிய ரவையைச் சட்டி நிறையக் கொட்டினேன். ரவை பலகாரம் இல்லை. சட்டியும் வெறுமனே இல்லை. ஸிஹாமா அக்கா எட்டிப் பார்த்தார்.

"பச்ச ரவையவா குடுக்கப்போறீங்க? சிரிக்கப்போறாங்க."

"சிரிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். சைக்கிள் தடத்துக்கு நீலம் அடித்திருந்தார்கள். நடக்கிற பக்கம் சாம்பல் நிறக் கல். பட்டினத்துப் பிள்ளைகள் எல்லோரும் எங்கிருந்தோ சைக்கிள் கொண்டுவந்திருந்தார்கள். நடக்கிறவர்கள் நீலத்தில் நடந்தார்கள், பிள்ளைகள் கல்லில் ஓட்டினார்கள். ஸலீம் நானா காற்றடிக்கும் பம்போடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவோடு வாய்ச்சண்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் மகளின் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு வேர்க்க வேர்க்க ஓடினார். தொந்தி குலுங்கியது. என்னைக் கண்டதும் நின்றார். "அக்கா இருந்திருக்கணும்" என்றார். மகள் கூப்பிட, மறுபடி ஓடினார்.

நான் அம்மா நின்ற இடத்தில் நின்றேன். குழாயை ஊன்றி ஊன்றி வீதியோரத்தில் விழுந்த குழி இன்னும் இருந்தது. கம்பு ரெங்கம்மாவிடம் இருக்கிறது. கம்பு இருக்கிற பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். அதனால் காத்திருந்தேன். வளைவிலிருந்து வந்த ஒவ்வொரு பெண்ணின் கையையும் பார்த்தேன். குடை, கைப்பை, குழந்தை, பலூன். ஒரு முறை ஒருவர் கையில் தடி இருந்தது. கிட்டே வந்தபோது அது ஊன்றுகோல்.

மத்தியானம் போனது. ஸலீம் நானா பம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெளிச்சம் இறங்கத் தொடங்கியதும் நான் வளைவை நோக்கி நடந்தேன். பாறையைச் சுற்றி, புதுச் சுவரையொட்டி. நடந்து பார்த்தபோது வளைவு நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. இந்த முனையில் ஊற்றிய தேத்தண்ணியை ஆறுவதற்குள் அந்த முனையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், அவ்வளவு தூரம்தான்.

மறுமுனையில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரப் பெண்ணை யாரோ சிவசக்தி என்று கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இங்க ரெங்கம்மான்னு ஒருத்தங்க..."

"பலகை புடிச்ச ரெங்கம்மாவா? இப்பத்தானே ஏறுச்சு. லுணுகலைக்குக் கடைசி பஸ்ஸு அது. காலையிலருந்து இங்கதான் நின்னுச்சு."

"இங்கயா?"

"அந்தா, அது எப்பவும் நிக்கிற எடத்துல. நானும் சொன்னேன், அங்கிட்டுப் போயிப் பாத்துட்டு வாயேன், ரெண்டு எட்டுத்தானேன்னு. கேக்கல. நான் எடத்த விட்டுட்டா கொரட்டி என்னைய எப்படிக் கண்டுபுடிக்கும், மூஞ்சி தெரியாதேன்னுச்சு."

நான் அந்த இடத்தைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு குழி இருந்தது.

"கையில கம்பு ஒண்ணு. செகப்புத் துணி கட்டுனது. இங்க வச்சிட்டுப் போன்னேன். மாட்டேன், அதுவே வந்து வாங்கட்டும்னு எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. கோவம். வேல முடிஞ்சதும் மறந்துருச்சு பாரு பட்டணத்துக்காரின்னு ஒரே கோவம். நீங்க யாரு தம்பி?"

"கொரட்டியோட மகன்."

"அம்மா ஏன் வரல?"

சொன்னேன். அவர் குவளையைக் கீழே வைத்தார். பிறகு ஒரு பிளேன்டீ ஊற்றித் தந்தார்.

"சட்டிய இங்க குடுங்க. நாளைக்குக் காலையில பஸ்ஸுல போட்டுவிடுறேன். முருகையா கடையில வச்சா கட்டாயம் கைக்குப் போயிரும். வெசயத்தையும் சொல்லிவிடுறேன்."

"வேணாங்க்கா" என்றேன்.

திரும்பி வரும்போது பாதையில் யாரும் இல்லை. புது விளக்குகள் எரிந்தன. நான் நீலத்தில் நடந்தேன்.

இப்போது சட்டி மேசையில் இருக்கிறது. மூடியைத் திறக்கவில்லை. வரும் ஞாயிறு எனக்கு வேலை இல்லை. பசறையில் இறங்கி முருகையாவிடம் கேட்டால் எந்தத் தோட்டம், எந்த லயம் என்று சொல்வார். கம்புக்கார ரெங்கம்மா என்றால் அவருக்கு மறந்திருக்காது. அங்கிருந்து லுணுகலை பஸ். அம்மா மறக்கவில்லை என்று முதலில் சொல்ல வேண்டும். மற்றது பிறகு. சட்டியைக் கையில் கொடுக்க வேண்டும். கம்பை வாங்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.